பங்குத்தந்தையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பலாமா? ஒரு துறவியின் வாழ்க்கையை மட்டக்களப்பில் படித்த அனுபவம்

2024 செப்டெம்பர் 24ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. அந்த வாரமே எங்கள் பங்கின் இளைஞர் ஒன்றியத்துப் பிள்ளைகள் ஒரு தாளோடு பங்குத்தந்தையிடம் போனார்கள். மட்டக்களப்பு மாவட்டத்துக்கு 5 ஆசனங்கள். சுயேச்சைக் குழுவாக நிற்பதென்றால் பட்டியலில் 8 பெயர்கள் வேண்டும். முதல் பெயராக அவருடைய பெயரையே எழுதியிருந்தார்கள். "நீங்கள் நின்றால் எல்லோரும் போடுவார்கள், பாதர்" என்றான் ஒருவன். அவர் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அன்று பின்னேரம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "டீச்சர், நான் மாட்டேன் என்றால் அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டு இன்னும் வற்புறுத்துவார்கள். இந்தக் கேள்வியை அவர்களே அலசட்டும். நீங்கள்தான் அதற்கு ஒரு வழி செய்ய வேண்டும்."

நான் குடியுரிமைக் கல்வி படிப்பித்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. தேர்தல் காலத்தில் மட்டும் ஆலய வாசலில் கைகூப்பி நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்த பிள்ளைகள் அவர்கள். வெள்ளம் வந்தால் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்கு உழவு இயந்திரத்தில் ஏறிப் போகிறவர், பொலிஸ் நிலையத்துக்குக் கூடவே வருகிறவர், இரவு பத்து மணிக்கும் கடிதம் எழுதித் தருகிறவர் என்று அவர்கள் கண்ணால் கண்ட ஒரே பொது மனிதர் பங்குத்தந்தைதான். இளைஞர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு வயதான தாய் சொன்னது எல்லாவற்றையும்விடக் கனமாக இருந்தது. "90இல் என் மகனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எத்தனையோ ஆணைக்குழுவுக்கு முன்னால் அழுதுவிட்டேன். பாதர் அங்கே எழும்பி நின்று கேட்டால் பதில் சொல்லத்தானே வேண்டும்?"

இதற்குச் சட்டத்தைக் காட்டிப் பதில் சொல்வது எளிது. இலங்கை அரசியலமைப்பின் 91ஆம் உறுப்புரை யார் யார் பாராளுமன்ற உறுப்பினராக முடியாது என்று பட்டியலிடுகிறது. மதகுருமார் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் 1983இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 285ஆம் சட்டம், குடியியல் அதிகாரத்தில் பங்குகொள்ளும் பொதுப் பதவிகளைக் குருக்கள் ஏற்பதைத் தடைசெய்கிறது. 287ஆம் சட்டம் அரசியல் கட்சிகளில் அவர்கள் முனைப்பாகப் பங்கெடுக்கக் கூடாது என்கிறது. பொது நன்மைக்குத் தேவை என்று உரிய அதிகாரிகள் கருதினால் அன்றி என்ற விலக்கோடு. இதை வாசித்துக்காட்டிக் கதையை முடித்திருக்கலாம். தடை இருக்கிறது என்று தெரிந்துகொள்வதும், ஏன் இருக்கிறது என்று புரிந்துகொள்வதும் ஒன்றல்ல. ஆகவே உண்மையிலேயே அந்த வழியில் போய், வேலை செய்து, வெளியேறி வந்த ஒரு மனிதருடைய வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம் என்று தீர்மானித்தேன். அவர் ரொபர்ட் டிரைனன், அமெரிக்க இயேசு சபைக் குரு.

மட்டக்களப்பாருக்கு அமெரிக்க இயேசு சபைக் குரு என்றால் அந்நியர் இல்லை. 1948இல் லூசியானாவிலிருந்து வந்த ஹரி மில்லர் அடிகளாரையும் இயூஜின் ஹேபர்ட் அடிகளாரையும் அறியாத பழைய குடும்பம் இந்த நகரத்தில் உண்டா? புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்தாட்டத்தை வளர்த்தவர் ஹேபர்ட். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பை நோக்கிப் புறப்பட்டவர், கூட வந்த இளைஞரோடு காணாமல் போனார். மில்லர் அடிகளார் போர்க்காலம் முழுவதும் காணாமல் போனவர்களின் விவரங்களைச் சேகரித்து, சமாதானக் குழுவில் இருந்து அதிகாரிகளிடம் கேட்டுக்கொண்டே இருந்தவர், 2019இல் காலமானார். அதே சபையில், அதே தலைமுறையில், பொஸ்டனில் பிறந்த இன்னொருவர் இதே மனச்சாட்சியோடு அமெரிக்கக் காங்கிரஸ் என்ற சட்டமன்றத்துக்குள் போனார் என்று சொன்னபோது பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அறிமுகமான ஒரு முகத்தின் பக்கத்தில் வைத்துச் சொன்னால்தான் தூரத்து வாழ்க்கை ஒட்டும் என்பது வகுப்பறையில் நான் கற்றது.

டிரைனன் 1920இல் பிறந்தவர். 1942இல் இயேசு சபையில் சேர்ந்தார், சட்டம் படித்தார், 1953இல் குருப்பட்டம் பெற்றார். 1956 முதல் 1970 வரை பொஸ்டன் கல்லூரிச் சட்டபீடத்தின் பீடாதிபதி. இந்தப் பகுதியை நான் விரைவாகக் கடந்து போனேன். ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன். அவர் போதகராக இருந்த காரணத்தால் சட்டம் இயற்றப் போனவர் அல்ல. சட்டம் தெரிந்திருந்தது, அதனால் போனார். பதினான்கு வருடம் சட்டபீடத்தை நடத்திய கைதான் பிறகு காங்கிரசில் வேலை செய்தது. நல்லவர் என்பது போதும் என்று நினைக்கிற நம் வழக்கத்தை இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும்.

1969இல் மத, அரசியல் சுதந்திர நிலையை ஆராய்ந்த ஒரு குழுவோடு தென் வியட்நாம் போய்வந்தார். அடுத்த வருடம் மசாசுசெட்ஸ் மாநிலத்தில் போருக்கு எதிரான குடிமக்கள் கூடி, யாரைத் தேர்தலில் நிறுத்துவது என்று பேசினார்கள். அந்தக் கூட்டத்தில் இன்னொரு இளைஞரும் ஆதரவு தேடினார். வியட்நாமிலிருந்து திரும்பிய கடற்படை அதிகாரி ஜோன் கெரி. ஆதரவு டிரைனன் பக்கம் சாய்ந்ததைக் கண்டு கெரி விலகி, அவருக்காகவே வேலை செய்தார். 2004இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் நின்ற அதே கெரிதான். எதிரே இருந்தவர் பிலிப் பில்பின், 1943 முதல் காங்கிரசின் பிரதிநிதிகள் சபையில் இருந்தவர், ஆயுதப்படைகள் குழுவின் மூத்த உறுப்பினர், டிரைனனுடைய சொந்தக் கட்சிக்காரர். கட்சி உள்தேர்தலில் அவரைத் தோற்கடித்துப் பொதுத் தேர்தலில் மிகச் சிறிய வித்தியாசத்தில் டிரைனன் வென்றார்.

எப்படி வென்றார் என்பதில் நாங்கள் வெகுநேரம் நின்றோம். மேடைப் பேச்சால் அல்ல. வாக்காளர் பட்டியலைக் கணினியில் ஏற்றி, தொண்டர்கள் வீடு வீடாகப் போய், யார் ஆதரவு, யார் எதிர்ப்பு, யார் இன்னும் முடிவெடுக்கவில்லை என்று குறித்து, முடிவெடுக்காதவர்களிடம் மறுபடி போனார்கள். 1970இல் இது புதுமை. "அப்படியென்றால் அவருடைய வெள்ளைக் கழுத்துப்பட்டியைப் பார்த்துப் போடவில்லையா?" என்று ஒரு பெண் கேட்டாள். அந்தக் கழுத்துப்பட்டி அவருக்கு வாக்கையும் கொண்டுவந்தது, எதிர்ப்பையும் கொண்டுவந்தது. ஏன் எப்போதும் குருவின் உடையிலேயே வருகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு, தன்னிடம் வேறு உடை இல்லை என்பது அவர் சொன்ன பதில். பத்து வருடம் சபைக்குள் அதே கறுப்பு உடைதான். ஜோர்ஜ்டவுனில் இயேசு சபை இல்லத்தில் ஓர் எளிய அறையில் இருந்தார்.

வாக்களிக்கும் உரிமையுள்ள உறுப்பினராக அமெரிக்கக் காங்கிரசுக்குத் தெரிவான முதல் கத்தோலிக்கக் குரு அவரே. அவருக்கு முன்பு, 1823இல் மிச்சிகன் பிரதேசத்திலிருந்து கப்ரியேல் ரிச்சர்ட் என்ற குரு போயிருந்தார். அவருக்கு வாக்குரிமை இல்லை. இந்தியாவிலும் ஓர் உதாரணம் உண்டு. சென்னை லொயோலாக் கல்லூரியின் அதிபராக இருந்த இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா அந்நாட்டின் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்து அரசியலமைப்பு வரைவில் பங்கெடுத்தார்.

சபைக்குள் போனபிறகு டிரைனன் செய்த வேலையில் பிள்ளைகளைக் கவர்ந்தது நிக்சன் விவகாரம். 1973 ஜூலை 31ஆம் திகதி, ஜனாதிபதி நிக்சன்மீது அரசியல் குற்றப்பிரேரணை கொண்டுவர வேண்டும் என்ற தீர்மானத்தை முதலில் முன்வைத்தவர் அவர். அவருடைய கட்சித் தலைவர்களுக்கே அது பிடிக்கவில்லை. காலம் கனியவில்லை என்றார்கள். எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த வாட்டர்கேட் திருட்டைவிட அவர் மனத்தை அறுத்தது கம்போடியா. சபைக்கும் மக்களுக்கும் சொல்லாமல் ஒரு நாட்டின்மீது குண்டு பொழிந்ததுதான் பெரிய குற்றம் என்பது அவர் வாதம். ஒரு வருடம் கழித்து நீதித்துறைக் குழு மூன்று குற்றச்சாட்டுகளை நிறைவேற்றியது. கம்போடியாக் குற்றச்சாட்டு மட்டும் 26க்கு 12 என்று தோற்றது. 1974 ஓகஸ்ட் 9ஆம் திகதி நிக்சன் பதவி விலகினார்.

எனக்கு இந்த 26க்கு 12 முக்கியம். தீர்மானம் அவருடையது, வெற்றியும் வந்தது, ஆனால் அவர் எதற்காகப் போனாரோ அது தோற்றது. பாராளுமன்றத்தில் எழுந்து நின்று கேட்டால் பதில் சொல்லத்தான் வேண்டும் என்ற அந்தத் தாயின் நம்பிக்கைக்கு இதுதான் நேர்மையான பதில் என்று நினைத்தேன். அதை அவருக்குச் சொல்லவும் செய்தேன். கேட்கலாம் அம்மா, பதிவில் ஏறும், ஆனால் எண்ணிக்கை இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடும் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பதிவில் ஏறினாலும் பரவாயில்லை" என்றார். அந்தப் பதிலுக்குப் பிறகுதான், யார் போய்ப் பேசுவது என்ற கேள்வியிலிருந்து எது பதிவாக வேண்டும் என்ற கேள்விக்கு எங்கள் பேச்சு திரும்பியது.

பிள்ளைகள் அவ்வளவாகக் கவனிக்காத ஒன்றை நான் இழுத்துவைத்துப் பேசினேன். உள்நாட்டுப் பாதுகாப்புக் குழு என்ற ஒரு குழு சபையில் இருந்தது. குடிமக்களின் கருத்துகளை வேவு பார்த்துக் கோப்பு வைத்த பழைய குழுவின் வாரிசு. அதை ஒழிக்க வேண்டும் என்று விரும்பிய டிரைனன் அந்தக் குழுவிலேயே உறுப்பினராகச் சேர்ந்தார். உள்ளே இருந்து, வரவுசெலவைக் கேள்வி கேட்டு, கோப்புகளைப் பற்றிக் கேள்வி கேட்டு எதிர்த்தார். 1975இல் அந்தக் குழு ஒழிக்கப்பட்டது. சட்டமன்ற வேலையின் பெரும்பகுதி இப்படித்தான்: யாரும் படமெடுக்காத அறைகளில் தாள்களைப் படிப்பது.

1976 நவம்பரில் சர்வதேச மன்னிப்புச் சபையின் தூதுக்குழுவில் அவர் ஆர்ஜென்டினா போனார். அங்கே அந்த வருடம் மார்ச் மாதம் இராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. ஆட்கள் வீடுகளிலிருந்து கூட்டிச் செல்லப்பட்டுத் திரும்பி வராத காலம். கூடப் போனவர் பிரித்தானியப் பிரபுக்கள் சபையின் எரிக் அவெபரி. இலங்கைத் தமிழர்களின் மனித உரிமைக்காகவும் பல காலம் குரல் கொடுத்தவர். சாதாரண உடையில் பொலிஸார் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். ஆனாலும் உறவினர்கள் வந்தார்கள், பெயர் சொன்னார்கள், திகதி சொன்னார்கள். அடுத்த வருடம் காணாமலாக்கப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியலோடு அறிக்கை வந்தது. இதைச் சொல்லும்போது எங்கள் மண்டபத்தில் யாரும் அசையவில்லை. பெயர், திகதி, இடம், சாட்சி என்று எழுதிவைப்பது எவ்வளவு பெரிய அரசியல் வேலை என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு 1980 வந்தது. குருக்கள் தேர்தல் பதவியில் இருக்கக் கூடாது என்ற பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பரின் கட்டளை, இயேசு சபைத் தலைவர் பெட்ரோ அருப்பே வழியாக டிரைனனை வந்தடைந்தது. ஐந்து முறை தொடர்ந்து வென்றவர், ஆறாவது தடவைக்குத் தயாராக இருந்தவர். மே மாதத் தொடக்கத்தில் செய்தியாளர்களை அழைத்து, துயரத்தோடும் வேதனையோடும் கீழ்ப்படிகிறேன் என்று அறிவித்தார். தான் விட்டுப்போகும் வேலையைவிட முக்கியமான வேலை ஏதோ தனக்குக் காத்திருக்கிறது என்று விசுவாசத்தோடு நம்ப வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார். விஸ்கொன்சின் மாநிலத்தில் மீண்டும் போட்டியிட இருந்த ரொபர்ட் கோர்னெல் என்ற முன்னாள் உறுப்பினர், அவரும் குரு, அவரும் விலகினார். டிரைனனின் இடத்துக்கு பார்னி பிராங்க் தெரிவானார். டிரைனன் ஜோர்ஜ்டவுன் சட்டக் கல்லூரியில் மனித உரிமைச் சட்டம் படிப்பிக்கப் போனார். 2007 ஜனவரி 28ஆம் திகதி இறக்கும்வரை அங்கேதான்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், சொன்னேன். கருக்கலைப்புக்கு அரச நிதி வழங்குவதைத் தடுக்கும் பிரேரணைகளை டிரைனன் ஆதரிக்கவில்லை. கருக்கலைப்பு தவறு என்பதே தனது நம்பிக்கை என்று சொல்லிக்கொண்டே அப்படி வாக்களித்தார். கத்தோலிக்கர்கள் பலருக்கு அது ஆறாத காயம். எனக்கும் அதில் அவரோடு உடன்பாடு இல்லை. ஆனால் அந்த உரசலில்தான் முழுப் பிரச்சினையும் வெளிப்படுகிறது: பல நம்பிக்கை உள்ள மக்களுக்கு ஒரு பிரதிநிதி, ஒரே நம்பிக்கை உள்ள சபைக்கு ஒரு மேய்ப்பர், இரண்டு கடமையும் ஒரே ஆளின் ஒரே கையை ஒரே நேரத்தில் உயர்த்தச் சொல்கின்றன. ஒரு வாழ்க்கையைப் படிப்பிக்கிறவர்கள் தமக்குப் பிடிக்காத பக்கத்தைக் கிழித்துவிட்டுப் படிப்பிக்கக் கூடாது. பிள்ளைகள் அதைக் கையடக்கத் தொலைபேசியில் இரண்டு நிமிடத்தில் தேடி எடுத்துவிடுவார்கள். அதன்பிறகு நாம் சொன்ன எதையும் நம்ப மாட்டார்கள்.

டிரைனன் கதை முடிந்ததும், "பார்த்தீர்களா, அவர் போனார், நல்லது செய்தார். எங்கள் பாதரும் போகலாம்தானே?" என்றான் தாளைக் கொண்டுபோன அதே இளைஞன். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் என் வாயிலிருந்து வரவில்லை. நடுவயதுப் பெண் ஒருவர், மண்டபத்தின் கடைசி வாங்கில் இருந்தவர், எழும்பிச் சொன்னார்: "நான் வேறு கட்சிக்குத்தான் போடுவேன். அது என் தகப்பன் காலத்துக் கட்சி. பாதர் நின்றால் நான் என்ன செய்வது? அவருக்குப் போடாமல் இருந்துவிட்டு, அடுத்த ஞாயிறு பாவசங்கீர்த்தனத்துக்கு அவர் முன்னால் எப்படிப் போய் முழந்தாளிடுவது?"

இந்த முழு விஷயத்திலும் நான் சொல்ல விரும்புவது அவ்வளவுதான். குருவானவர் வேட்பாளரானால் குருத்துவம் கறைபடும் என்று பேசுவார்கள். கறைபடலாம், படாமலும் இருக்கலாம்; டிரைனன் கறைபடாமல் வெளியே வந்தார். ஆனால் பாதிக்கப்படுவது அவரல்ல, அவரிடம் வருகிறவர்கள். அதுவரை நோயாளியாக, பாவியாக, கடன்காரராக, பிள்ளையைத் தேடுகிற தாயாக வந்த ஆள், வேட்புமனு கொடுத்த நாளிலிருந்து வாக்காளராக வருகிறார். போட்டவரா போடாதவரா என்ற கேள்வி, யாரும் கேட்காவிட்டாலும், வாசலில் நிற்கும். டிரைனனுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அவர் பங்கு நடத்தியவர் அல்ல, சட்டபீடம் நடத்தியவர். ஒரு ஊரின் ஞானஸ்நானமும் மரணச் சடங்கும் அவர் கையில் இருக்கவில்லை. எங்கள் பாதரிடம் அவை இருக்கின்றன. டிரைனனை உதாரணமாகக் காட்டுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் போகிறார்கள்.

சிறிய ஊரில் இது இன்னும் கூர்மையாகும். 1988 ஜூன் 6ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்ட சந்திரா பெர்னாண்டோ அடிகளார் மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவின் தலைவராக இருந்தார். எந்தத் தரப்பால் பாதிக்கப்பட்டவரும் அவரிடம் போய்ச் சொல்ல முடிந்தது. அதுதான் அவருடைய பலம். அதற்காகவே அவர் உயிர் போனது என்று நான் நம்புகிறேன். அவர் பெயர் ஒரு கட்சியின் பட்டியலில் இருந்திருந்தால் பாதிப்பேர் அந்தக் கதவைத் தட்டியிருக்க மாட்டார்கள்.

நம் நாட்டில் பௌத்த பிக்குமார் பாராளுமன்றம் போனதையும் பேசினோம். 2001இல் பத்தேகம சமித தேரர் தெரிவானார், முதலாவது பிக்கு உறுப்பினர். 2004இல் ஜாதிக ஹெல உறுமய பிக்குமாரையே வேட்பாளர்களாக நிறுத்தி 9 ஆசனங்களைப் பெற்றது. வேறொரு மதத்தின் துறவிகள் தமது மதத்தின் பெயரால் சட்டமியற்றும் சபைக்கு வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது இந்தக் கரையில் எங்களுக்கு எப்படி இருந்தது என்று வயதானவர்கள் சொன்னார்கள். அதையே நாம் செய்தால் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் இருக்கும் முஸ்லிம்களுக்கு, பக்கத்துத் தெருவின் சைவக் குடும்பங்களுக்கு எப்படி இருக்கும் என்று ஓர் இளைஞன் தானாகவே கேட்டான். 2019 உயிர்த்த ஞாயிறு சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு, இந்த நகரத்தில் மதத்தின் பெயரால் ஒரு புதிய வரிசை நிற்பது யாருக்கும் நல்லதல்ல.

கணக்கையும் போட்டுப் பார்த்தோம், அது தேவை. மாவட்டத்தின் 5 ஆசனங்களில் ஒன்று அதிக வாக்குப் பெறும் பட்டியலுக்கு மேலதிகமாகப் போகிறது. மிச்சம் நான்குதான் விகிதப்படி பகிரப்படும். செல்லுபடியான வாக்குகளில் 5 சதவீதத்துக்குக் குறைவாகப் பெறும் பட்டியல் பங்கீட்டிலேயே சேராது. கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு என்று மூன்று தொகுதியிலும் ஆள் இல்லாத ஒரு சுயேச்சைக் குழு வாக்கைச் சிதறடிப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது. வேட்புமனு ஒக்டோபர் 11ஆம் திகதி முடிந்தது. எங்கள் தாள் மாவட்டச் செயலகத்துக்குப் போகவில்லை. தீர்மானம் எடுத்தவர்கள் பிள்ளைகள்தான்.

ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவதற்காக இவ்வளவும் படிக்கவில்லை. டிரைனன் செய்த வேலையில் குருத்துவம் தேவைப்படாத பகுதி எவ்வளவு பெரியது என்று பார்த்தோம். வாக்காளரிடம் நேரே போவது, ஆவணம் படிப்பது, குழுக்களின் வேலையைக் கவனிப்பது, பெயர் எழுதிவைப்பது. இவை அத்தனையும் நாங்கள் செய்யக்கூடியவை.

முதலில் வேட்பாளர்களை அழைத்து ஒரு கூட்டம் வைத்தோம். வேறு பங்குகளில் செய்ய விரும்புகிறவர்களுக்காக எப்படி என்று சொல்கிறேன். ஆலயத்திலும் ஆலய வளவிலும் வைக்க வேண்டாம். பொது மண்டபம் எடுங்கள். 1981ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தில், ஆன்மீகத் தீங்கைக் காட்டி வாக்காளரை அச்சுறுத்துவதும் முறையற்ற செல்வாக்கு என்ற குற்றத்துக்குள் வருகிறது. அந்த எல்லைக்கு அருகிலேயே போகாமல் இருப்பது நல்லது. பங்குத்தந்தை மேடையில் இருக்கக் கூடாது. எங்கள் பாதர் அன்று வரவே இல்லை, அது சரியான முடிவு. எல்லாப் பட்டியலுக்கும் ஒரே கடிதத்தை ஒரே நாளில் கொடுங்கள், கொடுத்ததற்குக் கையொப்பம் வாங்குங்கள். இல்லாவிட்டால் எங்களைக் கூப்பிடவில்லை என்ற பேச்சு கிளம்பும். கேள்விகளை முன்கூட்டியே எழுதி வாங்கி ஒரே வகையானதைச் சேருங்கள். எங்களுக்கு மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைப் பிரச்சினை, வெள்ள நீர் வடிந்தோடும் கால்வாய்கள், காணாமலாக்கப்பட்டோர் என்று மூன்று கட்டாய் வந்தன. இவற்றைப் பற்றி உங்கள் நிலைப்பாடு என்ன என்று நாங்கள் கேட்கவில்லை. நிலைப்பாடு எல்லோரிடமும் அழகாக இருக்கும். எந்த அமைச்சிடம், எந்தக் குழுவில், எந்தச் சட்டத்தின் கீழ் எழுப்புவீர்கள், முதல் ஆறு மாதத்தில் என்ன கேள்வி கேட்பீர்கள் என்று கேட்டோம். சிலர் தடுமாறினார்கள். சிலர் அடுத்த நாள் எழுதி அனுப்பினார்கள். அந்தத் தாள்களை வைத்திருக்கிறோம்.

தேர்தல் நவம்பர் 14ஆம் திகதி முடிந்தது. அதற்குப் பிறகு நான்கைந்து பிள்ளைகள் பாராளுமன்ற இணையத்தளத்தில் ஹன்சாட்டை, அதாவது விவாதங்களின் பதிவேட்டை, இறக்கி வாசிக்கப் பழகினார்கள். முதலில் அலுப்பாக இருந்தது என்றார்கள். வாய்மொழி விடைக்கான கேள்விகளிலிருந்து தொடங்கினால் அலுப்பு குறையும்; நம் மாவட்டத்தின் பெயர் வருகிற இடத்தைத் தேடிப் பிடித்து, கேட்டவர் யார், பதில் என்ன, கால அவகாசம் கேட்டார்களா என்று ஒரு கொப்பியில் எழுதினார்கள். கால்வாய் ஒன்றின் திருத்த வேலை பற்றி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோம். 14 வேலை நாட்களில் தீர்மானம் வர வேண்டும். வரவில்லை. குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு எழுதியபிறகு வந்தது. விண்ணப்பம் ஏற்ற பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தால்தான் மேன்முறையீட்டுக்கு நாள் கணக்கு நிற்கும். பலர் அந்தத் துண்டைத் தொலைத்துவிட்டு நிற்கிறார்கள். பொதுமக்கள் மனுக்கள் பற்றிய குழுவுக்கு ஒரு மனு போக வேண்டுமானால் அது ஒரு பாராளுமன்ற உறுப்பினர் வழியாகத்தான் போக முடியும். வேட்பாளராக வந்தபோது தந்த தாளைக் காட்டிக் கேட்பதற்கு அந்தக் கூட்டம் இப்போது உதவுகிறது.

அந்தத் தாயின் கோப்பைப் பிள்ளைகள் ஒழுங்குபடுத்திக் கொடுத்தார்கள். முறைப்பாட்டுப் பிரதிகள், பதிவுத் தபால் சிட்டைகள், ஆணைக்குழுக்களின் கடிதங்கள் எல்லாம் ஒரு பொலித்தீன் பையில் கலந்து கிடந்தன. திகதி வரிசையில் அடுக்கி, முன்னால் ஒரு பக்கச் சுருக்கம் எழுதி, மூன்று பிரதி எடுத்தார்கள். மூலப்பிரதியை யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று அவருக்கு எழுதியும் கொடுத்தார்கள். பிறகு வேறு வீடுகளிலிருந்தும் பைகள் வரத் தொடங்கின. அவற்றில் சில, எங்கள் பங்கைச் சேராத, எங்கள் மதத்தையும் சேராத வீடுகளிலிருந்து வந்தவை.

2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலுக்கு எங்கள் பிள்ளைகளில் இருவர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், வேறு வேறு பட்டியல்களில் விண்ணப்பித்தார்கள். இருவரும் பூசையில் வாசகம் வாசிப்பவர்கள். ஒருவர் இளைஞர் ஒன்றியத்தின் பொருளாளர். மறைக்கல்வி வகுப்புக்கு வரும் தாய்மார் சிலர், ஒரு பட்டியலில் நிற்கிற பிள்ளை பீடத்தில் ஏறி வாசிப்பது சரியா என்று கேட்டார்கள். பங்குச் சபை கூடி ஒரு விதி எழுதியது. பெயர் கொடுத்த நாள்முதல் முடிவு வெளியாகும் நாள்வரை வேட்பாளர் யாரும் வாசகம் வாசிப்பதில்லை, அறிவித்தல் சொல்வதில்லை, காணிக்கைப் பணத்தைத் தொடுவதில்லை. பங்கின் வாட்ஸ்அப் குழுவை நடத்துவதும் வேறொருவர் கைக்கு மாறும். வென்றால், பதவிக்காலம் முடியும்வரை பங்குச் சபையில் பொறுப்பு இல்லை. தோற்றால், அடுத்த ஞாயிறே வாசகம் வாசிக்கலாம். இருவரும் கையொப்பமிட்டார்கள். அந்தப் பிரதி பங்கு அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறது. வேறு பங்குகளிலிருந்தும் வந்து படமெடுத்துக்கொண்டு போகிறார்கள்.